சுவைத்துத் தலையாட்டியவன்

வைனை விழுங்கக் கூடாது, துப்ப வேண்டும் என்று படிப்பிக்கவும் ஒரு வகுப்பு இருக்கிறது என்பதைச் சச்சிதானந்தன் கனடாவுக்கு வந்துதான் அறிந்தான். ரொறன்ரோவில் அவன் பரிமாறும் ரெஸ்ரோறன்டின் முதலாளிதான் அனுப்பினார். திங்கட்கிழமைகளில் வான் வண்டியில் ஏறி நயாகராப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். பழம் வெட்ட வேண்டும், மணந்து பார்க்க வேண்டும், துப்ப வேண்டும். நல்ல வைனை வாளிக்குள் துப்பும் போதெல்லாம் அவனுக்கு வயிறெரிந்தது.

வண்டியில் இன்னொரு தமிழன் இருந்தான், வேறொரு ரெஸ்ரோறன்டில் வேலை செய்யும் தவயோகன். ரொறன்ரோ வோபர்ன் பகுதியில் சச்சிக்குப் பக்கத்துத் தெருக்காரன். முதல் நாளே "அண்ணை" என்று ஒட்டிக்கொண்டான். சச்சியும் "தம்பி" என்றான். சொந்தத் தம்பி கீதன் போனபிறகு அந்தச் சொல்லை அவன் வேறு எவருக்கும் கொடுத்ததில்லை.

"மனிசி புனிதமும் பிள்ளையும் கொழும்பு லொட்ஜில கிடக்கினம்," என்றான் சச்சி ஒருநாள். "என்ர அகதிக் கேஸ் அடுத்த மாசம். பொலிஸில ஒரு சின்னப் பிசகு வந்தாலும் துலைஞ்சன்."

"உங்களுக்கு என்னண்ணை வரப்போகுது? எறும்பையும் மிதியாத ஆள் நீங்கள்."

மூன்றாவது வகுப்பில் பரிமாறும் பயிற்சி. விருந்தாளி ஒரு வாய் சுவைத்துத் தலையாட்டினால்தான் மற்றவர்களுக்கு ஊற்றலாம் என்றாள் ஆசிரியை ஹெல்கா. சச்சி ஊற்றினான். தவயோகன் விருந்தாளி. ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடி அண்ணாந்தான். நாடி மேலே போனது. பிறகு தலை இடது தோள் பக்கமாக இரண்டு தரம் விழுந்தது.

சச்சி போத்தலை மேசையில் வைத்துவிட்டான். ஐந்து வருடத்துக்கு முன், ஊரைச் சுற்றிவளைத்த ஆமி ஆண்களைப் பள்ளிக்கூட வளவில் வரிசையாக நடக்கவிட்டது. ஜீப்பில் சாக்கால் முகம் மூடிய தலையாட்டி இருந்தான். அவன் தலையாட்டினால் ஆள் முடிந்தான். சச்சிக்கு முன்னால் போன கீதன் ஜீப்பருகே நின்றபோது சாக்கின் ஓட்டைகளுக்குள் கண்கள் மூடின. நாடி மேலே போனது. தலை இடது தோள் பக்கமாக இரண்டு தரம் விழுந்தது. கீதன் திரும்பி வரவேயில்லை.

அடுத்து இருவருக்கும் கொட்டிலில் வேலை. பெரிய தொட்டியில் திராட்சை நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. மிதந்து வரும் தோலை மரத்தடியால் அமுக்க வேண்டும். தொட்டிக்கு மேல் குனிந்தால் அதிலிருந்து வரும் நச்சுக் காற்றே ஆளை விழுத்தும் என்று சொல்லி, ஹெல்கா அங்கே ஒரு மெழுகுதிரியைப் பிடித்து அது அணைவதைக் காட்டிவிட்டுப் போனாள்.

"தம்பி, சாக்கு உனக்கு அளவாய் இருந்ததோ?"

"எந்தச் சாக்கு அண்ணை?"

"எங்கட பள்ளிக்கூட வளவில போட்டுக்கொண்டிருந்த சாக்கு."

தவயோகனின் முகம் வெளிறியது. தடியைப் போட்டுவிட்டுக் கதவை நோக்கி ஓடினான். சச்சிக்கு அது போதும். அவன் வீசிய தடி முழங்காலின் பின்பக்கம் விழுந்தது. குப்புற விழுந்தவனைப் புரட்டி முகத்தில் உதைத்தான். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. திரும்பவும் உதைத்தான், வாயில். பிறகு தலைமயிரில் பிடித்து இழுத்துப் போய்த் தொட்டியின் நுரைக்குள் அமுக்கினான். தவயோகனின் கால்கள் அடித்தன. எறும்பையும் மிதியாத ஆளுக்கு அது இனித்தது, இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வெளியே இழுத்தான். எது சாறு, எது இரத்தம் என்று தெரியாத முகம்.

"ஏன்ரா கீதனுக்கு ஆட்டினனீ?"

"ஆரெண்டே தெரியாதண்ணை... தலைகீழாக் கட்டித் தூக்கி அடிச்சவங்கள்... பத்துப் பேரைக் காட்டு எண்டவங்கள்... தலை தன்ரபாட்டில ஆடிட்டுது..."

ஆரென்றே தெரியாதாம்! பகையென்றால்கூடச் சச்சி பொறுத்திருப்பான். வெறி தலைக்கேறி மறுபடி அமுக்கினான். தானும் கூடவே குனிந்தான். மெழுகுதிரி நினைவுக்கு வரவில்லை. கொட்டில் சுழன்றது. இருவரும் சரிந்தார்கள்.

கண் விழித்தபோது புல்தரையில் கிடந்தான். ஹெல்கா அழுதுகொண்டு நின்றாள். இரண்டு பேரையும் அவள்தான் இழுத்துப் போட்டிருந்தாள். பக்கத்தில் தவயோகன் இருந்தான். வாய் வீங்கிப் பேச்சு வரவில்லை. பொலிஸ்காரன் அவன் முன்னால் குந்தினான்.

"உன்னை அடித்தது இவனா?"

தவயோகன் சச்சியைப் பார்த்தான். கண்ணை மூடினான். நாடி மேலே போனது. முடிந்தது கேஸ், முடிந்தது எல்லாம் என்று சச்சி மூச்சைப் பிடித்தான். ஆனால் அந்தத் தலை இந்தமுறை இரு பக்கமும் அசைந்தது. இல்லை.

சச்சிக்கு நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கீதனைத் தின்ற தலை போடும் பிச்சை எனக்கு எதற்கு? நான்தான் அடித்தேன் என்று கத்த வாயைத் திறந்தான். பொலிஸ்காரனின் இடுப்பில் கைவிலங்கு தொங்கியது. கொழும்பு லொட்ஜின் ஒற்றை அறையில், ரெலிபோன் அடிக்கும் என்று புனிதம் பிள்ளையோடு காத்திருப்பாள்.

"அவன் தொட்டிக்குள் விழுந்தான். தூக்கப் போய் நீயும் மயங்கினாய். அப்படித்தானே?" என்று பொலிஸ்காரன் சச்சியிடம் திரும்பினான்.

சச்சியின் தலை தன்பாட்டில் ஆடியது.