நூல் கட்டிய பல்

கொரியர்களின் அறுவடைத் திருநாளான சூசோக் பண்டிகைக்கு முந்தின நாள். சொக்சோ என்ற துறைமுக ஊரில், கணவனின் அண்ணன் வீட்டு அடுப்பங்கரையில் மீன் துண்டுகளை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தாள் ஹேவான். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

அந்த அண்ணன் சங்துக் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அவளுடைய எட்டு வயது மகள் தாசோம். அவளது ஆடும் கீழ்ப்பல்லில் வெள்ளை நூலைச் சுற்றி, மறுமுனையை அவர் கையில் பிடித்திருந்தார். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளின் பால்பல் எல்லாம் அவர் கையால்தான் போயிருக்கிறது. நூலைக் கட்டி, நெற்றியில் பட்டென்று ஒரு தட்டு. தலை பின்னால் போகும், பல் நூலோடு வந்துவிடும். இதுவரை பதினோரு பேர். ஆஸ்பத்திரியும் வீடுமாக வளர்ந்த தாசோமை யாரும் அந்தக் கணக்கில் சேர்த்ததில்லை. இன்று தன் முறை என்ற பூரிப்பில் வாயை வாகாகக் காட்டியிருந்தாள்.

அவர் கையை ஓங்கினார். ஹேவான் மாவுக் கையோடு ஓடிவருவதற்குள், தாசோம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்க பெரியப்பா. என் நெஞ்சுக்குள்ள வேற வால்வு வெச்சிருக்காங்க."

அந்த வீட்டில் அதுவரை அவர் கையைப் பிடித்துத் தடுத்தவர்கள் யாருமில்லை.

"பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்னடி சம்பந்தம், பயந்தாங்கொள்ளி?"

தாசோம் நூலை வாயிலிருந்து மெல்லக் கழற்றிவிட்டு விளக்கினாள். பல்லைப் பிடுங்கினால் ஈறு கிழியும். வாயில் எப்போதும் இருக்கிற கிருமிகள் அந்தக் கிழிசல் வழியாக ரத்தத்தில் ஏறும். மற்றவர்கள் உடம்பு அவற்றைச் சீக்கிரம் விரட்டிவிடும். அவளுக்கோ, செயற்கை வால்வில் ஒட்டிக்கொண்டு பெருகிவிடலாம். பிறகு இதயமே கெட்டுப்போகும். அதனால் பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மருந்து குடிக்க வேண்டும். கிருமி உள்ளே வரும்போது மருந்து ரத்தத்தில் காவல் நிற்கும்.

"தானா விழுந்தா?"

"தானா விழுந்தா மருந்து வேணாம். பிடுங்கினாதான்."

நாற்பது வருஷம் மீன்பிடிப் படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டியவர் சங்துக். தாடையைத் தடவிக்கொண்டார். எண்ணெயில் தூசி விழுந்தால் எங்கே போய் ஒட்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் ஹேவானைத் திரும்பிப் பார்த்து, பிள்ளை சொல்வது சரிதானா என்று கேட்டார்.

அறுவை சிகிச்சை முடிந்த பிறகு இந்த இரண்டு வருஷமும் மகளைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் ஹேவான்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். பள்ளிக்கூடமோ சொந்தக்காரர் வீடோ, தான் இல்லாத இடத்தில் என்ன ஆகுமோ என்ற பயம் அவளை விட்டதில்லை. இப்போதும் வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"அவகிட்டயே கேளுங்க, அத்தான்."

சாயங்காலம் சங்துக்கின் மற்ற தம்பிமார் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். அவர் தாசோமைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல வால்வு, கிருமி, மருந்து என்று அளந்துகொண்டிருந்தார்.

"பல்லைப் பிடுங்கின கையோட மருந்தக் குடுத்துடணும், தெரியுமா?"

"முன்னாடி, பெரியப்பா. ஒரு மணி நேரம் முன்னாடி."

"கேட்டீங்களாடா? பெரியப்பனையே திருத்துறா" என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

ஹேவான் மகளை அங்கேயே விட்டுவிட்டு அடுப்பங்கரைக்குத் திரும்பினாள்.