சிங்கக்கால் தொட்டி

“பாத்து இறக்குங்க. உள்ள சாவு,” என்றாள் ஷீலா.

குட்டியானை வண்டியிலிருந்து தொட்டியை இறக்கிக்கொண்டிருந்த இருவரும் அப்படியே நின்றார்கள்.

“ஃபோன்ல சொல்லியிருந்தா நாளைக்கு வந்திருப்போமே மேடம். திருப்பி எடுத்துனு போய்டட்டா?”

“வேணாம். போர்ட்டிகோவுல வைங்க.”

வெள்ளைக் குளியல் தொட்டி. அடியில் பித்தளை நிறத்தில் நான்கு சிங்கக்கால்கள். கேம்ப் ரோடு கடைக்கு மூன்று முறை போய்த் தேர்ந்தெடுத்தது. ஹால் கட்டிலில் கிடக்கும் மாமியார் செல்வமேரியின் கண்முன்னால் அது உள்ளே போகவேண்டும் என்றுதான் ஷீலா இன்று காலை கொண்டுவரச் சொல்லியிருந்தாள். செல்வமேரி ஆறு மணிக்கே இறந்துபோனாள். தொட்டி வந்தது ஒன்பதுக்கு. கடைசியிலும் கிழவி தன்னை ஏமாற்றிவிட்டதாகவே ஷீலாவுக்குப் பட்டது.

கல்யாணமாகி அவள் வந்தபோது தெருவுக்கு வாரம் ஒரு தண்ணீர் லாரி. “உனக்கு ஒரு பக்கெட்” என்பாள் செல்வமேரி. பிறகு போர்வெல் போட்டு, மாடியில் டேங்க் வைத்தும் அது மாறவில்லை. டேங்க் ஒரு சொட்டு வழிந்தாலும் தெருவே கேட்கக் கத்துவாள். குளியலறை வால்வும் வெளியே அவள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலை நிறைய நுரையோடு ஷீலா நின்றபோது தண்ணீர் நின்றது.

“அத்த, தலையில ஷாம்பு இருக்கு.”

“உங்கப்பன் வீட்டுல கெணறு இருந்தா அங்க போய்க் குளி.”

ஹாலில் விருந்தாளிகள் சிரித்தார்கள். துண்டால் துடைத்துக்கொண்டு, நுரை காய்ந்த தலையோடு ஆராதனையில் உட்கார்ந்திருந்தாள். அதை இரவு ஜெபத்தில் கர்த்தரிடம் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது கரையவில்லை, வளர்ந்தது.

இரண்டு வருடம் முன்பு வந்த பக்கவாதத்தில் செல்வமேரிக்குப் பேச்சு போய்விட்டது. ஈரத்துணியால் அவள் உடம்பைத் துடைத்தபடி ஷீலா மெல்லிய குரலில் சொல்வாள்: “பாத்ரூமை இடிச்சுக் கட்டுறோம் அத்த. எனக்குத் தொட்டி வருது. இருநூறு லிட்டர் பிடிக்குமாம்.” கிழவி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது குளியலறையில் உடைந்த டைல்ஸும் சிமெண்ட் மூட்டையும். குளிப்பாட்ட இடமில்லை. ஷீலாவின் கணவன் தயாளன் போர்ட்டிகோவைச் சுற்றி அம்மாவின் பழைய சேலைகளைத் திரையாகக் கட்டினான். கோவளத்திலிருந்து வருஷக்கணக்காக இந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கன்னியம்மா, கூடையைக் கேட் ஓரமாக இறக்கிவிட்டு உள்ளே வந்திருந்தாள்.

“பெஞ்சுல போட்டா உருண்டுடும். இதான் நல்லா கீதே. இதுல படுக்க வெச்சி ஊத்தலாம்மா.”

தயாளன் மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

அவ்வளவு பெரிய தொட்டியில் ஒரே ஒரு பக்கெட் தண்ணீர். நினைக்கவே ஷீலாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

“வைங்க,” என்றாள். குழாயில் ஒரு பக்கெட் பிடித்துக் கொண்டுவந்தாள்.

“ஒண்ணு எப்டிமா பத்தும்?”

“அவங்களுக்கு அது போதும்.”

உடம்புக்கு ஊற்றினாள். தலைக்கு ஷாம்பு தேய்த்தாள். பக்கெட் காலியானபோது வெள்ளைமுடி முழுக்க நுரை இருந்தது. கன்னியம்மா கிழவியின் தலையை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு காத்திருந்தாள்.

“அவ்ளோதானாம்மா?”

ஷீலா வெறும் மக்கோடு நின்றாள். நுரை நெற்றியிலிருந்து மெல்ல இறங்கி, சரியாக மூடாத இடது கண்ணை நெருங்கியது. அவள் குனிந்து விரலால் அதைத் தடுத்தாள்.

“கண்ணுல போகுது.”

“இனிமே எரியாது,” என்றாள் கன்னியம்மா.

ஷீலா விரலை எடுக்கவில்லை. அப்படியே திரைக்கு வெளியே குரல் கொடுத்தாள். “என்னங்க, மோட்டார் போடுங்க. பெரிய குண்டான்ல வெந்நி வைங்க.”

வெந்நீர் வந்தது. ஒவ்வொரு பக்கெட்டிலும் குளிர்ந்த நீரை விளாவி, மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டே ஊற்றினாள். நுரை போன பிறகும் ஊற்றினாள். தொட்டியின் அடித் துளை வழியாக ஓடிய தண்ணீர் சிங்கக்கால்களைச் சுற்றிக் கேட் வரை போனது. மாலையோடு வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள்.

மாடியில் டேங்க் நிரம்பி, சன்ஷேடு வழியாகக் கொட்டத் தொடங்கியது. பழக்கத்தில் தயாளனின் கை மோட்டார் சுவிட்சுக்குப் போனது. திரைக்குள்ளிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கையை எடுத்துக்கொண்டான்.