வரி முடிவில் இரண்டு கோடு

சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். விஜயலெட்சுமியின் பையைத் திறந்த பொலிஸ்காரி உள்ளேயிருந்த தாள்களைப் பார்த்ததும் மேலதிகாரியைக் கூப்பிட்டாள்.

தாள் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். அவை உண்மையில் பர்மிய மொழியில் ஒரு பிரார்த்தனைப் புத்தகம். பதுளையில் படிக்க வந்திருந்த பர்மியப் பிக்கு ஒருவர், ஸலீமின் அச்சுக்கடையில் அதைக் கொடுத்திருந்தார். அங்கே கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்ப்பவள் விஜயலெட்சுமி. பர்மிய எழுத்து கம்ப்யூட்டரில் இல்லாததால், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் பர்மிய எழுத்துகளை ஒவ்வொன்றாக உட்காரவைத்து அவளே ஃபொண்ட் எனும் எழுத்துருவைச் செய்தாள். முதல் பக்கங்களை அச்சடிக்கக் கொண்டுபோன பண்டாரவளை அச்சகத்துக் கம்ப்யூட்டரில் அது இல்லாததால் எல்லாம் இப்படிக் குழம்பி வந்துவிட்டது. கெட்டுப்போன தாள்களோடும் பிளொப்பி டிஸ்க்கோடும் திரும்பும் வழியில்தான் மாட்டிக்கொண்டாள்.

இரண்டாயிரமாம் ஆண்டின் கடைசி அது. யுத்தத்தால் தமிழ்ப் பிள்ளைகளைச் சந்தேகத்தில் பிடித்துப்போவது சாதாரணமாக இருந்த காலம்.

“யாருக்கு இந்த ரகசியச் செய்தி?” என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

“பர்மிய எழுத்து சேர். பிக்கு ஹாமுதுருவோட புத்தகம்” என்றாள்.

அவளைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஸலீமுக்குத் தகவல் போய், அவர் ஃபொண்டை இன்னொரு பிளொப்பியில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பொலிஸ் கம்ப்யூட்டரில் அதைப் போட்டதும் ஆங்கிலம் மறைந்து உருண்டை உருண்டையாகப் பர்மிய எழுத்துகள் வந்தன. விஜயலெட்சுமிக்கு மூச்சு திரும்பியது. ஆனால் வரிகளின் முடிவில் எல்லாம் ஒரு வெற்றுக் கட்டம் நின்றது.

“மற்றதெல்லாம் எழுத்தாகிவிட்டது. இது மட்டும் ஏன் மறைந்திருக்கிறது?” என்றார் அதிகாரி.

“ஸலீம் நானா, இந்த ஃபொண்ட் பழசு!” என்று அவள் ஸலீமைப் பார்த்துப் பதறினாள். “அந்தக் குறிய போன கிழமைதான் சேத்தேன். இதுல அது இல்ல!”

“அல்லாஹ்வே, அவசரத்துல கைக்கு வந்தத எடுத்துட்டு வந்துட்டேன் புள்ள.”

அந்தக் குறியை வரைந்து காட்டச் சொல்லி அதிகாரி ஒரு பேனாவை நீட்டினார். அவள் இரண்டு நிமிர்ந்த கோடுகளை வரைந்தாள். அவர் அதை எண்ணாக வாசித்தார்.

“பதினொன்று. என்ன பதினொன்று?”

“இல்ல சேர், அது முற்றுப்புள்ளி. நமக்குப் புள்ளி மாதிரி அவங்களுக்கு ரெண்டு கோடு.”

அவர் நம்பவில்லை. ஸலீமை வெளியே அனுப்பிவிட்டு அவளை ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். மடுல்சீமையில் ஒருத்தியை இப்படிக் கொண்டுபோய் இரண்டு வருஷமாகியும் விடவில்லை என்று தோட்டத்தில் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டில் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. பூட்ஸ் சத்தம் நெருங்கும்போதெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு முற்றுப்புள்ளிக்காகச் சாகப்போகிறோம் என்றே நினைத்தாள்.

பொழுது சாயும் முன் ஸலீம் விகாரைக்குப் போய்ப் பிக்குவையே கூட்டிவந்தார். அதிகாரி எழுந்து வணங்கி, அந்தத் தாளைக் காட்டாமல், “உங்கள் மொழியில் வாக்கியம் முடிந்தால் என்ன போடுவீர்கள்?” என்று கேட்டார். பிக்கு மேசைமேல் விரலால் இரண்டு கோடு இழுத்தார்.

விட்டுவிட்டார்கள். ஆனால் பெயரையும் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் அவள் குடும்பம் இருந்த லயத்து வீட்டின் இலக்கத்தையும் எழுதிக்கொண்டார்கள்.

லயத்தில் அப்பா அழகர், “இனி அந்த வேலை வேணாம்மா. கொழுந்தெடுக்கப் போ” என்றார். அவள் படுத்துக்கொண்டாள். நாலு நாள் தோட்டத்து ரோட்டில் எந்த வாகனம் வந்தாலும் வீட்டுப் பின்கதவருகே போய் நின்றாள். ஐந்தாம் நாள் அச்சுக்கடைக்குப் போனாள்.

பிக்கு அங்கே காத்திருந்தார். தன் மொழியின் எழுத்துகளுக்கும் அந்த இரண்டு கோட்டுக்கும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒவ்வோர் எண் கொடுத்திருக்கிறார்களாம் என்றார். இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் அது மாறாமல் வரும் காலம் வருமாம்.

“அதுவரைக்கும்?” என்று கேட்டாள் விஜயலெட்சுமி.

அவள் கம்ப்யூட்டரைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். வாசலில் யாராவது நிழலாடினால் கை தானாக நின்றது. புத்தகம் முடிய இரண்டு மாதமானது. அச்சகத்துக்கு ஸலீம்தான் கொண்டுபோனார்.