குறுக்கே வராதே

பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து அவன் மனைவிக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருந்தது. அவள் பஸ் கண்டக்டர். தகராறு செய்கிற ஆம்பிளைகளை ஒரே அதட்டலில் இறக்கிவிடுகிற குரல் அவளுக்கு. ஆஸ்பத்திரியில் நர்ஸிடமும் டாக்டரிடமும் அந்தக் குரலைக் காட்ட முடியாமல் விழுங்கி விழுங்கி, இப்போது நீண்ட லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். அது படுக்கையறைக் கதவுக்குள் நுழைவேனா என்றது. ஹாலிலேயே சுவரோரமாகப் போட வேண்டியதாயிற்று. நல்ல கால் பக்கமாகத்தான் இறங்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் அதை ஒரு விதமாகத்தான் போட முடிந்தது. அப்படிப் போட்டபோது கேபிள் பாயிண்ட் அவன் தலைமாட்டுக்குப் பின்னால் போய்விட்டது. அவன் கண் போகிற கால்மாட்டுச் சுவரில் ஒரு பிளக் பாயிண்டைத் தவிர ஒன்றும் இல்லை. டிவி பார்க்க வழியில்லாமல் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தவன், தண்ணீர் கொண்டுவந்தாலும் குற்றம், கொண்டுவராவிட்டாலும் குற்றம் என்று வள்வள்ளென்று விழுந்தான்.

டிவியைக் கால்மாட்டுக்குக் கொண்டுபோய், சுவரோடு கிளிப் அடித்துக் கேபிளை இழுத்துவிடலாம் என்று அவள் மாடிக்குப் போய் வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவள் வாயில் 'வீட்டுக்காரர்' என்று வந்தால் கட்டிலில் கிடப்பவரா, மாடியில் இருப்பவரா என்று கேட்பவர்கள் முழிப்பார்கள். யாராக இருந்தால் என்ன, இரண்டும் கழுத்தறுப்புதான் என்பாள். மாடிக்காரர் ஒரே பேச்சாக மறுத்தார். ஆணி கூடாது, கிளிப் கூடாது, டேப் ஒட்டினால் பெயிண்ட் உரிந்து வரும், அதுவும் கூடாது. சுவரில் ஒரு வயர் தெரிந்தாலும் வீட்டின் அழகே போய்விடும் என்றார். அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்ததே என் புருஷன்தானே என்று அவள் கேட்டுப் பார்த்தாள். அதனால்தான் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவர் சிரித்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்து புருஷனிடம் சொன்னால், அவனும் மாடிக்காரர் கட்சி. "அந்தச் சுவத்தைத் தொடாதே. பட்டி பூசித் தேய்ச்சு மூணு கோட்டு அடிச்சிருக்கேன்" என்றான்.

சரி, சுவர் இல்லாவிட்டால் தரை என்று கட்டிலோரமாகக் கேபிளைப் போட்டாள். அவன் உடம்பு துடைக்க வெந்நீர்ச் சட்டியோடு வந்தவளின் கால் அதில் மாட்டியது. வெந்நீர் கொட்டி அவள் பாதம் பொத்துப்போனது. பார்த்து வரக்கூடாதா என்றான் அவன்.

செல்போன் கடையில் வேலை செய்யும் அவள் தம்பிதான் இதற்கு வழி சொன்னான். கை அகலத்தில் இரண்டு பெட்டி. ஒன்று தலைமாட்டில், செட்டாப் பாக்ஸுக்குப் பக்கத்தில். மற்றொன்று கால்மாட்டில், டிவி மேஜை மேல். நடுவில் வயரே கிடையாது, படம் காற்றிலேயே போய்விடும் என்று சொல்லித் தம்பி மாட்டிக் கொடுத்தான். மாட்டி முடித்தபோது ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் கரண்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, ரிமோட்டுக்கு ஒன்று என்று வயர் தொங்கியது. வயர் இல்லாத சாமானுக்கு எதுக்குடா இவ்வளவு வயர் என்று அக்கா கேட்டதற்கு, நடுவில் இல்லையல்லவா என்றான்.

படம் வந்தது. விழுந்ததற்குப் பிறகு முதல்முறையாகப் பெயிண்டர் வாய்விட்டுச் சிரித்தான். அவளுக்கும் அப்பாடா என்றிருந்தது.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். நடுவில் ஆள் வந்தால் படம் அப்படியே உறைந்து, திரை கறுத்து, திரும்பி வர நேரம் பிடித்தது. அந்த வீட்டில் நடுவில் வருகிற ஆள் ஒருத்திதான். சமையலறை ஒரு பக்கம், குளியலறையும் வாசலும் மறுபக்கம். கட்டிலின் கால்மாட்டைத் தாண்டாமல் அவள் எங்கேயும் போக முடியாது.

முதல் நாள் "கொஞ்சம் பார்த்துப் போயேன்" என்றான். பிறகு "குறுக்கே வராதே" என்றான். பிறகு பேச்சும் இல்லை, 'ப்ச்' மட்டும். பெட்டிகள் அவள் இடுப்பளவு உயரத்தில் இருந்தன. கறி நறுக்கிய கையோடு குனிந்து போனாள், துவைத்த துணியோடு குனிந்து வந்தாள். தான் குனிவதே சில நாளில் அவளுக்கு மறந்துபோனது. தம்பி ஒருமுறை வந்தபோது, முதுகு வலியா அக்கா என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. அவனை முறைத்தாள்.

ஒருநாள் மத்தியானம் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. முடியப்போகிற நேரம். அவன் கேட்டான் என்று பெட்பேன் வைத்து எடுத்தாள். சிந்தாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பாதி மடங்கி, வெந்துபோன பாதத்தை இழுத்துக்கொண்டு கால்மாட்டைக் கடந்தாள். திரை ஒரு வெட்டு வெட்டியது.

"இன்னும் கொஞ்சம் குனி" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் நின்றாள். பிறகு முதுகை நிமிர்த்தி, இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் நேராக நின்றாள். பந்தை உதைக்கப் போனவன் காலைத் தூக்கியபடியே உறைந்தான். திரை கறுத்தது.

அவன் கத்தினான். தள்ளிப் போ என்றான், பைத்தியம் பிடித்திருக்கிறதா என்றான். அவள் அசையவில்லை. அவன் மூச்சு வாங்கி ஓய்கிற வரை பொறுத்துவிட்டுப் பேசினாள்.

"ஓடற பஸ்ல கம்பியப் பிடிக்காம நிமிர்ந்து நிக்கறவ நான். உங்க மூத்திரத்தைக் கையில வச்சுக்கிட்டு என் வீட்டு ஹால்ல நான் குனிஞ்சு போகணுமா? சொல்லுங்க. இன்னும் எவ்வளவு குனியணும்?"

அவன் கண்ணை இறக்கினான். அப்போதுதான் அவள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தவனைப் போலப் பார்த்தான்.

அவள் போய்க் கொட்டிக் கழுவினாள். கையைத் துடைத்துக்கொண்டு அவன் சாமான் பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள். முன்பே வாங்கி வைத்திருந்த கிளிப்புகளும் கேபிளும் பரண் மேல் இருந்தன. ஸ்டூலைப் போட்டு ஏறி, தலைமாட்டில் முதல் கிளிப்பை அடித்தாள். பெயிண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்து விழுந்தது. கட்டிலில் கிடந்தவன் ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடித் திறந்தான். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

சமையலறைக் கதவு மேல்சட்டம் வரை வந்திருப்பாள். மாடிக்காரர் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி வந்துவிட்டார். "ஏம்மா, உன்கிட்ட என்ன சொன்னேன் நான்?"

"சொன்னீங்க" என்றாள், வாயிலிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு. அடுத்த அடியை அடித்தாள்.

இப்படியென்றால் வீட்டைக் காலி பண்ண வேண்டியிருக்கும் என்று அவர் சத்தம் போட்டார். அவள் ஸ்டூலிலிருந்து இறங்காமலே திரும்பினாள். "பண்றோம் சார். கட்டிலோட ஒரு முனையை நீங்க பிடிங்க, மறுமுனையை நான் பிடிக்கிறேன். இப்பவே தூக்கிடலாம்."

அவர் கட்டிலைப் பார்த்தார். பெயிண்டர் மெல்லத் தலையைத் தூக்கினான். "அடிக்கட்டும் சார். நான் எழுந்ததும் பட்டி பார்த்துப் பூசித் தர்றேன். இது நான் அடிச்ச சுவர்தானே" என்றான். அவர் முணுமுணுத்துக்கொண்டே மாடியேறிப் போனார். அதன் பிறகு அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் திருப்பிக்கொண்டாள்.

கேபிள் வெள்ளையாக, கொஞ்சம் கோணலாக, கதவு மேல் ஏறி இறங்கிக் கால்மாட்டுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பெட்டிகளையும் பையில் போட்டுத் தம்பிக்கு எடுத்து வைத்தாள். டிவியைப் போட்டு ரிமோட்டை அவன் நெஞ்சில் வைத்துவிட்டுப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் படுத்தாள். அவன் கூப்பிடுவது கேட்டது. போகவில்லை. அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். எழுந்து வந்தபோது டிவி அணைந்திருந்தது. உன் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். இப்பவாவது கேட்கத் தோன்றியதே என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

அவன் கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் கட்டில் திரும்பிப் போனது, டிவி பழைய இடத்துக்கு வந்தது. சொன்ன சொல்லுக்காகச் சுவரைப் பூச உட்கார்ந்தான். கை எட்டும் ஓட்டைகளை அவன் அடைத்தான். ஸ்டூலில் ஏற அவள் விடவில்லை. மேலே இருந்தவற்றுக்கு அவளே ஏறிப் பட்டி வைத்தாள். கீழே இருந்து அவன் ஏதோ திருத்தம் சொல்ல வாயெடுத்தான். அவள் பட்டிக் கரண்டியோடு திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் பட்டியைக் குழைக்கக் குனிந்துகொண்டான்.