பாலம் உறுதியாக உள்ளது

ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்த மறுநாள் காலை, ஊரில் பாதிப் பேர் வழக்கம்போல அதன்மேல் நடந்து வேலைக்குப் போனார்கள். தூண்கள் தண்ணீரில் கிடந்தன. ஆனால் காலைப் பத்திரிகை, 'பாலம் உறுதியாக உள்ளது' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படித்தவர்களின் காலடியில் வெறுங்காற்று தார்ச்சாலை மாதிரி கெட்டியாக இருந்தது. சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அன்று மாலைப் பத்திரிகை, 'பாலம் விழுந்தது' என்று போட்டது. அதன் வாசகர்களால் கரையைத் தாண்டி ஓரடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. அவர்கள் படகில் போனார்கள். பாலம் இருக்கும்போது படகு எதற்கு என்று நகராட்சி அதையும் நிறுத்தியது.

அதன்பின் யாரும் யாரையும் நம்பவில்லை. சந்தேகக்காரன் பக்கத்தில் நடந்தால் நம் காலும் உள்ளே இறங்கும் என்று பேச்சு கிளம்பியது. மளிகைக் கடையில் சர்க்கரையை எந்தப் பத்திரிகைத் தாளில் மடித்துத் தருகிறார்கள் என்று பார்த்தே வாங்கினார்கள்.

காலைப் பத்திரிகையில் பிழை திருத்துபவர் இக்கரையில் குடியிருந்தார். தலைப்பில் 'உருதி' என்று வந்ததை 'உறுதி' என்று மாற்றியவர் அவர்தான். எழுத்தைப் பார்ப்பார், பொருளைப் பார்க்கமாட்டார்; அதற்குத்தான் சம்பளம். அவர் மனைவி அக்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாடியில் துணி காயப்போடும்போது பாலம் சரிந்ததைக் கண்ணால் கண்டவள். படகு நின்றதிலிருந்து அவள் வீட்டுக்கு வரமுடியாமல் ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கிவிட்டாள். மகளைத் தூங்க வைப்பதும் தலை வாரிவிடுவதும் அவர் பாடாயிற்று. தினமும் மாலையில் மாற்றுத் துணியும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு அவர் காற்றில் நடந்து வருவதை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள்.

"ஒரே ஒரு தடவை பேப்பரைப் படிச்சுப் பாரேன். பாப்பா ராத்திரியெல்லாம் உன்னைக் கேட்டு அழறா," என்றார் ஒருநாள்.

"விழுந்ததை நான் பாத்தேங்க."

"நான் நடந்துதானே வர்றேன்?"

"அந்தத் தலைப்பை நீங்க படிச்சீங்களா, இல்ல திருத்த மட்டும் செஞ்சீங்களா?"

அவர் காலிப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு திரும்பினார். மறுநாள் மாலை நடு ஆற்றுக்கு மேல் வரும்போதுதான் அந்த மூன்று சொற்களையும் மனதுக்குள் முதல் முறையாகப் பொருளோடு படித்துப் பார்த்தார். கால் கணுவரை இறங்கியது. அப்புறம் முழங்கால்வரை. கூட வந்தவர்கள் திருடனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துவிட்டு விலகி நடந்தார்கள்.

கரையில் நின்ற நர்ஸ், பக்கத்திலிருந்தவர் கையிலிருந்த காலைப் பத்திரிகையைப் பிடுங்கினாள். "பாலம் உறுதியாக உள்ளது!" என்று தொண்டை கிழியப் படித்தாள். நகராட்சித் தலைவரின் அறிக்கையையும், பொறியாளரின் கருத்தையும், வதந்தி பரப்புவோருக்கான எச்சரிக்கையையும் ஒரு வரி விடாமல் படித்தாள். படித்துக்கொண்டே நடந்து போய் அவர் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். "கீழ பாக்காதீங்க," என்றாள். இருவரும் அப்படியே வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மகள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை.

அன்னிக்கு என்னதான் பார்த்தே என்று பக்கத்து வீட்டுக்காரி பிற்பாடு கேட்டபோது, "வெயில் கண்ணைக் கூசிச்சுக்கா, சரியாத் தெரியல," என்றாள் நர்ஸ். உள்ளே இருந்த பிழை திருத்துபவருக்கு அது கேட்டது. அதன்பின் அவள் எது சொன்னாலும் அவர் ஒரு கணம் யோசித்தார். அவர் யோசிப்பதை அவளும் கவனித்தாள்.

அடுத்த ஆண்டு, தூண்கள் இன்னும் தண்ணீரில் கிடக்க, நகராட்சி பாலத்துக்கு நீல வண்ணம் அடித்தது. மாலைப் பத்திரிகை கொதித்துப்போய், பாலத்துக்குச் சாம்பல் நிறமே தகும், நீலம் மக்களுக்குச் செய்த துரோகம் என்று தலையங்கம் எழுதியது. மறுநாள் விடிந்ததும் அதன் வாசகர்கள் பாலத்தின் நடுவில் திரண்டு நின்று, சாம்பல் நிறம் கேட்டுக் கோஷம் போட்டார்கள். அத்தனை பேரையும் பாலம் தாங்கியது. வேலைக்குப் புறப்பட்டிருந்த நர்ஸ், "கொஞ்சம் வழி விடுங்கப்பா, டியூட்டிக்கு நேரமாச்சு," என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கரைக்குப் போனாள்.