முன்பலகையில் ஈரம்

சர்வீஸ் முடிந்த படகு கோயம்புத்தூர் கணபதிப் பகுதியிலிருந்து லாரியில் ஏறி, அன்னூர், புளியம்பட்டி வழியாகப் பவானிசாகர் வந்து இறங்கியபோது அமலிக்கு அதை அடையாளமே தெரியவில்லை. வெளுத்துப்போயிருந்த பக்கங்களில் புது நீலப் பெயின்ட். கால் இடித்துக்கொண்டே இருந்த பழைய பெஞ்சுகளை எடுத்துவிட்டு வேறு போட்டிருந்தார்கள். இன்ஜினைத் தொட்டால் கையில் கரி ஒட்டவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியின் படகு அது. வாரம் ஒருமுறை நர்ஸ் அமலியும் மருந்துப் பெட்டியும் அணையின் அக்கரை ஊர்களுக்கு அதில்தான் போவார்கள். ஓட்டுபவர் சென்னகிருஷ்ணன். படகைத் தண்ணீரில் விட்டு ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால்தான் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பட்டறையிலிருந்து கிருபாசங்கர் என்பவர் கூடவே வந்திருந்தார். பைபர் தொட்டி வார்க்கிற பட்டறை. படகு வேலை அவர்களுக்கு எப்போதாவது வருவதுதான், ஆனாலும் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் காட்டிப் பொறுமையாக விளக்கினார்.

சென்னகிருஷ்ணன் முதலில் தனியாக ஒரு சுற்று போய் வந்தார். இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்கிறது என்று அவருக்கு மகிழ்ச்சி. அடுத்த சுற்றுக்கு அமலி ஏறி, வழக்கம்போல் முன்பலகையில் உட்கார்ந்து, ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டியைக் காலருகே வைத்துக்கொண்டாள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் பாதத்தில் சில்லென்றது. குனிந்து பார்த்தாள். அடிப்பலகைமேல் தண்ணீர் மெல்லியதாகப் பரவிக்கொண்டிருந்தது.

சொன்னதும் சென்னகிருஷ்ணன் படகைத் திருப்பிக் கரையேற்றினார். மூவரும் குனிந்து தேடினார்கள். படகின் மூக்கு மணலில் ஏறி நிற்க, முன்பக்கம் ஈரச் சுவடு மட்டும் இருந்தது. பின்பக்கம் பலகைக்கடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அது எப்போதும் கிடப்பதுதான் என்றார் சென்னகிருஷ்ணன். கிருபாசங்கர் படகை மேட்டுக்கு இழுக்கச் செய்து, உள்ளே குடம் குடமாகக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, வெளியே எங்காவது சொட்டுகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கும் சொட்டவில்லை.

தண்ணீரை இறைத்துவிட்டுக் கிருபாசங்கரும் சென்னகிருஷ்ணனும் பின்பக்கம் இன்ஜினருகே உட்கார்ந்து மறுபடி போய் வந்தார்கள். இம்முறையும் ஒன்றுமில்லை.

"நானும் தடவிப் பாத்துப்போட்டேனுங்க சிஸ்டர்," என்றார் சென்னகிருஷ்ணன். "காஞ்சுதானுங்க கெடக்குது. நீங்க ஏறையில சீலை நனைஞ்சிருக்குமுங்க. அந்தத் தண்ணியா இருக்குமுங்களா?"

அவர் கேலி செய்யவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். அந்த மென்மையே அமலியைக் கலங்க வைத்தது. சேலை ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். நனைந்திருந்தது. ஏறும்போது நனைந்ததா, உட்கார்ந்த பிறகா? நினைவுக்கு வரவில்லை.

இப்போதெல்லாம் பல விஷயங்கள் அவளுக்கு அப்படித்தான் இருந்தன. சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினாள். மகள் கெசியாவை இறந்துபோன தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். போன வாரம், ஞாயிறு என்று நினைத்துச் சனிக்கிழமை காலையிலேயே தலை சீவிப் பூசைக்குப் புறப்பட்டு நின்றாள். கணவர் மரியஅந்தோணி சிரித்துவிட்டு, காப்பி போட்டுக் கொடுத்தார். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்கக் காலண்டரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று தண்ணீரையும் நான்தான் கற்பனை செய்தேனா?

லாரிக்காரர் நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். சரி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அக்கரையிலிருந்து கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் இதில்தான் வருவார்கள்.

"அண்ணா, இன்னொருக்கா போலாமுங்க," என்றாள்.

அக்கரைக்குப் போக முத்தாத்தாள் என்கிற பெண், ரேஷன் மண்ணெண்ணெய் டின்னோடு கரையில் காத்திருந்தாள். அவளையும் கூப்பிட்டு முன்பலகையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து, துண்டு துண்டாகக் கிள்ளி, பலகைக்குக் கீழே படகின் இரு பக்கங்களிலும் வரிசையாகச் செருகினாள். எதற்கென்று முத்தாத்தாள் கேட்டாள். எங்கே நனைகிறது என்று பார்க்கலாம் என்றாள் அமலி.

படகு புறப்பட்டது. இரண்டு பேர் கனத்தில் மூக்கு நன்றாகத் தாழ்ந்திருந்தது. அமலி கையை விட்டு ஒவ்வொரு பஞ்சாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். உலர்ந்தது, உலர்ந்தது. இடது பக்கம் ஒன்றைத் தொட்டதும் விரலில் தண்ணீர் வழிந்தது. பிழிந்து வைத்தாள். மறுபடி ஊறியது. முத்தாத்தாளின் கையைப் பிடித்து அங்கே வைத்து, ஈரமா என்று கேட்டாள்.

"ஆமாங் அம்மணி. குழா தொறந்தாப்பல வருதுங்," என்றாள் முத்தாத்தாள்.

கரைக்கு வந்ததும் கிருபாசங்கர் டார்ச் அடித்துப் பார்த்தார். பழைய பெஞ்சைத் தாங்கியிருந்த இரும்புச் சட்டத்தைக் கழற்றிய இடம் அது. போல்ட் ஓட்டைகளைப் பெயின்ட்டுக்கு முன் பூசுகிற வெறும் மக்குப் பசையால் அடைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். அதில் ஒன்று உதிர்ந்துவிட்டது. முன்னால் கனம் இல்லாவிட்டால் அந்த ஓட்டை தண்ணீருக்கு மேலே நின்றுவிடுகிறது. அவர் ஊற்றிய தண்ணீரும் அந்த உயரத்துக்கு எட்டவில்லை. அவர் முகம் சிறுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, எல்லா ஓட்டைகளையும் சுரண்டி, உள்ளும் புறமும் பைபர் ஒட்டிக்கொடுத்தார். அது காய வேண்டும் என்பதால் அன்றைக்குத் தடுப்பூசிப் பெட்டி பரிசலில்தான் போனது.

பரிசலில் உட்கார்ந்ததும் அமலி சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சென்னகிருஷ்ணன் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"படகுல ஓட்டை இருந்ததுல எனக்கு அத்தனை சந்தோசமுங்ண்ணா," என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் துடுப்பை வலித்தார்.

அந்தச் சந்தோசம் அக்கரை போய்ச் சேரும்வரைதான் இருந்தது. தண்ணீர் நிஜம்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமையும் நிஜம்தானே? ஓட்டை இருந்ததால் அது இல்லாமல் போய்விடாது. அன்று மாலையே மரியஅந்தோணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறுவாரம் இருவரும் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டு குறைந்திருந்தது. மாத்திரையில் சரியாகிவிடும் என்றார். எப்போதிருந்து இந்த மறதி என்று கேட்டார். அமலி விரல்விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினாள்.

"தவக்காலத்துலிருந்துங்க, பல மாசமாச்சுங்க," என்றார் மரியஅந்தோணி. "சொன்னா பயந்துக்குவாளோன்னு சொல்லாம இருந்துட்டேனுங்க."

அவர்மேல் கோபப்படுவதா, அவர் தோளில் சாய்ந்து அழுவதா என்று தெரியாமல், மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள் அமலி.