தலைவர் கழுவிய கல்

ஆகஸ்ட் 9. அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று நேற்று எழுதியிருந்தேன். தவறு. விடிந்ததும் கண்ணைத் திறந்து, "கல்லை யாரு கழுவுறது?" என்று கேட்டாள்.

போரில் இறந்த எங்கள் ஊர்ப் பையன்களின் பெயர் வெட்டிய கல், ஜன்னலுக்கு நேரே நிற்கிறது. அதில் அண்ணனும் உண்டு. பெயருள்ள வீட்டார் மாதத்துக்கு ஒருவராகக் கழுவுவோம். இது எங்கள் மாதம். அம்மா படுத்ததிலிருந்து ஊர்த்தலைவர் தானாகவே வந்து கழுவுகிறார்.

"தலைவர்மா."

"அவன் தொட்டா அழுக்குதான் ஏறும். நீ போய் மறுபடி கழுவு."

வாளியோடு போனேன். தலைவர் ஓரமாக நின்று பார்த்தார். ஈரம் காயாத கல்லை அவர் கண்ணெதிரே தேய்த்தேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

போருக்குப் பிடித்துப்போக ஊரிலிருந்து இன்னும் ஒருவன் வேண்டும் என்று படையினர் கேட்ட அன்று, அவர் தன் மகனை ஒளித்துவிட்டு அண்ணன் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தார். அண்ணனின் உடல்கூட வரவில்லை. ஒளிந்தவன் போன வருடம் குடித்தே செத்தான், சொந்தக் கட்டிலில். அவன் பெயரையும் கல்லில் வெட்ட வேண்டுமாம். அதற்குக் கல்லில் பெயருள்ள எல்லா வீடுகளும் சம்மதிக்க வேண்டும். மற்றவர்கள் சரி என்றுவிட்டார்கள். எங்கள் வீடுதான் பாக்கி.

என் பின்னாலேயே உள்ளே வந்து கட்டிலருகே நின்றார்.

"வாங்க தலைவரே. சோப்பு வாங்கிக் கட்டுப்படியாகுதா?" என்றாள் அம்மா.

"அக்கா, அவனையும் அந்தப் போர்தான் கொன்னுச்சு. உங்க மகன் போனதுலேர்ந்து அவன் ஒழுங்காத் தூங்கினதே இல்ல. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எம்மவனைக் கேட்டுச் சொல்றேன். இன்னைக்கோ நாளைக்கோ பாக்கத்தானே போறேன்."

சிரிக்கப் போய் இருமல் வந்தது. மதியத்துக்குள் அடங்கிவிட்டாள். கடைசியாக என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் புதைத்தோம். தலைவர் தோள் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மண் தள்ளி முடிந்ததும் பக்கத்தில் வந்தார்.

"இனி உன் வார்த்தைதாம்மா."

சோப்புத் தண்ணீரில் அவர் விரல்கள் வெடித்திருந்தன. பாவமாக இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அம்மாவுக்குப் பக்கத்தில் அண்ணனுக்கென்று ஒரு பிடி மண்கூட இல்லை.

"நாளைக்கு ஊர்க்கூட்டத்துல சொல்றேன், மாமா," என்றேன்.

அப்படி நான் அவரைக் கூப்பிட்டதே இல்லை. அவர் முகம் மலர்ந்தது. கல்வெட்டுகிறவரை இப்போதே வரச் சொல்லிவிடுவதாகச் சொல்லி, வேகமாக நடந்தார். நான் தடுக்கவில்லை. ஒரு ராத்திரி நம்பட்டும்.

நாளை: அம்மாவின் படுக்கையை வெயிலில் போட வேண்டும். மாலை வகுப்புக்கு வரமாட்டேன் என்று சொல்லியனுப்ப வேண்டும். பத்து மணிக்குக் கூட்டம். முடியாது என்பதை எழுந்து நின்று சொல்ல வேண்டும். உட்கார்ந்து சொன்னால் என் குரல் பின்வரிசைக்குக் கேட்காது.